எந்த ஏர்போர்ட்டில் ஏறுவது?

மணப்பாறை, வையம்பட்டி, மருங்காபுரி, துவரங்குறிச்சி, புத்தாநத்தம் வட்டாரத்தில் வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் குடும்பத்தார் அனைவருக்கும்,



டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் இந்த மடலைப் படித்துவிடுங்கள். எடுத்த பிறகு படித்தால் பயனில்லை. மலிவு விலையில் எடுத்த டிக்கெட்டை ரத்து செய்தால் கைக்குத் திரும்பி வருவது சொற்பம்.

மணப்பாறையில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் சிறிய கடை நடத்துகிறேன். வருகிறவர்கள் முதலில் கேட்பது, "மெட்ராஸ்ல போட்டா எவ்வளவு, திருச்சியில போட்டா எவ்வளவு?" என்பதுதான். இரண்டு தொகையையும் சொல்வேன். சென்னையில் மூவாயிரமோ நாலாயிரமோ குறைந்தால், "அப்ப மெட்ராஸ்லயே போட்ருங்கண்ணே" என்பார்கள். அந்தப் பணம் உண்மையிலேயே கையில் மிஞ்சுமா என்று பேச்செடுப்பதற்குள் அடுத்தவர் வந்து நிற்பார். கடையில் நின்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நம் தாத்தாமார்கள் நாகப்பட்டினம் போய் ரஜூலா கப்பலில் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். எங்கே ஏறுவது என்று அவர்கள் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இன்று நமக்குத் திருச்சி விமான நிலையம் மணப்பாறை பஸ் ஸ்டாண்டிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். துவரங்குறிச்சி, மேலூர் வழியாக மதுரை விமான நிலையம் ஏறக்குறைய 110. கோயம்புத்தூர் 200 கிலோமீட்டருக்குப் பக்கம். சென்னை 350. கொச்சிக்கும் பெங்களூருக்கும்கூட நம் ஊர்ப் பிள்ளைகள் போய் ஏறுகிறார்கள். இத்தனை வாய்ப்பு இருப்பது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு ஊருக்கும் போய்ச் சேரும் செலவு டிக்கெட்டில் அச்சாவதில்லை.

சென்னைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். துபாய்க்குத் திருச்சியைவிடச் சென்னையில் நாலாயிரம் ரூபாய் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ட்ராப் டாக்ஸி கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்றால், 350 கிலோமீட்டருக்கு 4,900 ரூபாய். டிரைவர் பேட்டா தனி. சமயபுரம், திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று வழி நெடுக டோல் தனி. இது பயணி மட்டும் போய் இறங்கிக்கொள்ளும் கணக்கு. நம் வீடுகளில் அப்படியா நடக்கிறது? அப்பா, அம்மா, மனைவி, குழந்தை, மச்சான் என்று வண்டி நிறைய ஏறுகிறோம். அப்போது வண்டி திரும்பி வரவும் காசு கொடுக்க வேண்டும். போக வர 700 கிலோமீட்டர். போக வர என்பதால் விலையைக் குறைத்துக் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் போட்டாலும் 8,400 ரூபாய். டோல் இரண்டு பக்கமும். விழுப்புரத்தைத் தாண்டி ஒரு ஓட்டலில் நிறுத்தினால் ஐந்து பேர் சாப்பிடும் பில்லும் சேரும். திருச்சிக்கு என்றால் போக வர 90 கிலோமீட்டர்; காத்திருப்பதற்குச் சேர்த்துக் கொடுத்தாலும் பெரும்பாலும் இரண்டாயிரத்துக்குள் முடியும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்த நாலாயிரத்தைப் போல இரண்டு மடங்கு சாலையில் போயிருக்கும்.

இதை வைத்துச் சென்னையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனியாளுக்குக் கணக்கு மாறும். கையில் ஒரு பெட்டி, தோளில் ஒரு பை, உறுதியான ரயில் டிக்கெட், பகலில் விமானம் என்றால் சென்னை லாபம்தான். திருச்சி ஜங்ஷனில் இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறி, எழும்பூர் வரை போகாமல் தாம்பரத்திலேயே இறங்க வேண்டும். அங்கே மின்சார ரயிலுக்கு மாறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டி நாலாவது ஸ்டேஷன் திரிசூலம். விமான நிலையம் எதிரிலேயே இருக்கிறது, ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கச் சுரங்கப்பாதை உண்டு. ஆட்டோ, டாக்ஸி எதுவும் தேவையில்லை. இவ்வளவு மலிவாக வாசல்வரை ரயிலில் போய் இறங்க வேறெந்தத் தமிழ்நாட்டு விமான நிலையத்திலும் வழியில்லை. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. விமான டிக்கெட்டை நாலு மாதம் முன்னாலேயே எடுத்துவிடலாம். ரயில் முன்பதிவோ 2024 நவம்பரிலிருந்து 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. தீபாவளி, பொங்கல், மே மாதம் என்றால் திறந்த சில நிமிடங்களில் காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விடும். விமான டிக்கெட் கையில், ரயில் டிக்கெட் இல்லை என்று கடைக்கு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு இன்னொன்று. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. வண்டலூர் பக்கம் இறக்கிவிட்டால் அங்கிருந்து வேறு வண்டி பிடித்துத்தான் மீனம்பாக்கம் போக வேண்டும். விடியற்காலையில் முப்பது கிலோ பெட்டியோடு மாநகரப் பஸ்ஸில் ஏறி இறங்குவது எப்படி இருக்கும் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். டாக்ஸி எடுத்தால் மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பங்கு அங்கேயே போகும்.

பணத்தைவிடப் பெரிது நேரம். 350 கிலோமீட்டர் சாலை நம் கையில் இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும், வெளிநாட்டு விமானத்துக்குக் கவுண்டரைச் சுமார் மூன்று மணி நேரம் முன்னால் திறந்து, வழக்கமாக ஒரு மணி நேரம் முன்னால் மூடிவிடுவார்கள். மூடிய பிறகு யார் கெஞ்சினாலும் ஒன்றும் நடக்காது. புத்தாநத்தம் பக்கத்துப் பையன் ஒருவன் விசா முடிய சில நாட்களே இருக்கும்போது சென்னையில் ஏறப் புறப்பட்டான். உளுந்தூர்பேட்டை தாண்டி பஸ் பழுதாகி நின்றது. மாற்று வண்டி வரும்வரை சாலையோரம் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். அவன் ஏர்போர்ட் வாசலில் இறங்கியபோது கவுண்டர் மூடியிருந்தது. மறுநாள் விமானத்துக்கு அவன் அப்பா கொடுத்த விலை, முதலிலேயே திருச்சியில் எடுத்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய விலையைவிட மிக அதிகம். அந்தப் பணத்துக்கு வீட்டில் மாடு விற்றார்கள். எல்லோருக்கும் இப்படி நடக்காது. ஆனால் நடந்தால் தாங்குகிற குடும்பங்கள் நம்மிடம் குறைவு.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தை மறக்க வேண்டாம். 2015 டிசம்பரில் சென்னை விமான நிலையம் வெள்ளத்தில் மூழ்கிச் சில நாட்கள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஓடுபாதையில் தண்ணீர் நின்றது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கடந்தபோது விழுப்புரம் மாவட்டம் அரசூர் அருகே திருச்சி–சென்னை நெடுஞ்சாலையே தண்ணீரில் மூழ்கியது. விக்கிரவாண்டி பக்கம் ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்களும் ரத்தாயின. அந்த நாட்களில் நம் ஊரிலிருந்து சென்னைக்கு வழக்கமான சாலையும் இல்லை, வழக்கமான ரயிலும் இல்லை. போகி அன்று விடியற்காலை சென்னை விமானத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள் என்றும் சொல்வேன். பனியோடு பழைய பாயும் டயரும் எரியும் புகை சேர்ந்து, 2018 போகியில் எத்தனையோ விமானங்கள் தாமதமாயின, ரத்தாயின.

இனி திருச்சி. இதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் திருச்சி என்றாலே விலை அதிகம் என்று ஒரே முடிவாக இருக்கிறோம். அது பாதி உண்மை. கிழக்கே போகிறவர்களுக்குத் திருச்சி வேறு, மேற்கே போகிறவர்களுக்குத் திருச்சி வேறு.

கிழக்கே பாருங்கள். சிங்கப்பூருக்கு ஸ்கூட், இண்டிகோ, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். கோலாலம்பூருக்கு ஏர் ஏசியாவும் பாட்டிக் ஏரும். கொழும்புக்கு ஸ்ரீலங்கன். வியட்நாமின் ஹோ சி மின் நகருக்கு வியட்ஜெட். யாழ்ப்பாணத்துக்கும் இப்போது இண்டிகோ பறக்கிறது. மலேசியாவின் ஏர் ஏசியா இந்தியாவுக்கு முதன்முதலாகப் பறக்கத் தொடங்கியது சென்னைக்கோ மும்பைக்கோ அல்ல, 2008 டிசம்பரில் நம் திருச்சிக்குத்தான். அது தற்செயல் அல்ல. வாஜ்பாய் ஆட்சிக் காலத்தில், சிங்கப்பூர், மலேசியா உள்ளிட்ட ஆசியான் நாடுகளின் விமானங்கள் தாராளமாக வந்து இறங்கலாம் என்று இந்தியா 18 ஊர்களைத் திறந்துவிட்டது. கயா, வாரணாசி, கொச்சி போன்ற ஊர்கள் இருந்த அந்தப் பட்டியலில் திருச்சியும் இருந்தது. அந்த ஒரு முடிவால் ஒரே வானத்தில் நாலைந்து நிறுவனங்கள் போட்டி போடுகின்றன. போட்டி இருப்பதால் விலை இறங்குகிறது. சிங்கப்பூர், மலேசியா போகிற நம் பிள்ளைகள் பெரும்பாலான நாட்களில் சென்னை விலையைக் கேட்கவே தேவையில்லை. சில நாட்களில் சென்னை குறைந்தாலும் சாலைச் செலவைத் தாங்கும் அளவுக்குக் குறையாது.

கிழக்கே போகும் டிக்கெட்டில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். திரையில் தெரியும் முதல் விலை பெரும்பாலும் லக்கேஜ் இல்லாத விலை. பல நிறுவனங்களில் கையில் 7 கிலோ மட்டும்தான். பெட்டிக்குத் தனிக் காசு. அதை டிக்கெட்டோடு சேர்த்து எடுத்தால் ஒரு விலை, ஏர்போர்ட் கவுண்டரில் போய்ச் சேர்த்தால் அதைவிடப் பல மடங்கு. நம் ஆட்களுக்கு லக்கேஜ் இல்லாமல் பயணம் கிடையாது. புறப்படுகிற நாள் காலையில் பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்து, பஜாரில் தெரிந்த தானியக் கடையின் பிளாட்ஃபார்ம் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்ப்போம். முள் 24-ஐத் தாண்டினால் அம்மா பெட்டியைத் திறப்பார். முதலில் வெளியே வருவது பருப்புப்பொடி. அடுத்து பழைய போர்வை. முறுக்குப் பொட்டலத்தில் யாரும் கை வைக்க மாட்டார்கள். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த நம் மணப்பாறை முறுக்கு, சிங்கப்பூர் அறையில் எட்டுப் பேர் பகிர்ந்து தின்னப்போவது. அதை எடுக்க யாருக்கும் மனசு வராது. அதனால் டிக்கெட் எடுக்கும்போதே எத்தனை கிலோ வேண்டும் என்று தீர்மானித்துச் சொல்லுங்கள். இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது லக்கேஜ் சேர்த்த விலையை மட்டுமே ஒப்பிடுங்கள்.

இனி மேற்கு. துபாய், ஷார்ஜா, அபுதாபி, தோஹா, குவைத், மஸ்கட். இங்கேதான் திருச்சி விலை நம்மை வருத்துகிறது. காரணம் என்னவென்று கேட்டால், "ஏர்லைன்ஸ்காரன் அடிக்கிறான்" என்கிறோம். உண்மையான காரணம் டெல்லியில் ஒரு கோப்பில் இருக்கிறது. இந்தியாவும் ஒவ்வொரு வளைகுடா நாடும் விமான ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அந்நாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் எந்தெந்த ஊரில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கை என்று அதில் எழுதியிருக்கும். அமீரகத்து நிறுவனங்கள் இறங்கக்கூடிய ஊர்களில் சென்னை உண்டு, கொச்சி உண்டு, கோழிக்கோடு, திருவனந்தபுரம் உண்டு. திருச்சி இல்லை. அதனால்தான் எமிரேட்ஸ் சென்னைக்கு வருகிறது, ஏர் அரேபியா கோயம்புத்தூருக்கு ஷார்ஜாவிலிருந்து வருகிறது, திருச்சிக்கு இரண்டுமே வருவதில்லை. இந்திய நிறுவனங்களுக்கு அந்தத் தடை கிடையாது. அவை விரும்பிய ஊரிலிருந்து பறக்கலாம். ஆக, திருச்சியிலிருந்து வளைகுடாவுக்குப் பறப்பது இந்திய நிறுவனங்கள் மட்டும். ஏறுகிற ஆள் அதிகம், இருக்கை குறைவு. விலை ஏறத்தான் செய்யும்.

டெல்லியின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வளைகுடா நிறுவனங்கள் நம் பயணிகளைத் துபாய், தோஹா வழியாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுபோய்விடுகின்றன. கதவை முழுக்கத் திறந்தால் இந்திய நிறுவனங்கள் வளராது என்பது அந்த வாதம். ஆனால் திருச்சியில் ஏறுகிற நம் பிள்ளை லண்டனுக்குப் போகவில்லை. ஷார்ஜாவில் தொழிற்கூடத்துக்கும், குவைத்தில் கட்டட வேலைக்கும், மஸ்கட்டில் டிரைவர் வேலைக்கும் போகிறான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறான். அவனுடைய டிக்கெட் விலை ஏன் லண்டன் பயணியின் கணக்கில் சிக்கிக்கொள்ள வேண்டும்? ஆசியானுக்குத் திறந்த வழி வளைகுடாவுக்கும் ஓரளவாவது திறக்கப்பட வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இடத்துக்குப் பஞ்சம் இல்லை. திருச்சியின் புதிய முனையத்தைப் பிரதமர் 2024 ஜனவரி 2-ஆம் தேதி திறந்துவைத்தார். ஜூன் 11 முதல் அங்கிருந்துதான் பயணிகள் போய் வருகிறார்கள். ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவு. ஆண்டுக்கு 44.5 லட்சம் பேரைக் கையாளும் கொள்ளளவு. ஸ்ரீரங்கம் கோபுரத்தை நினைவூட்டும் முகப்பும் சுவர்களில் வண்ண ஓவியங்களும் கொண்ட அழகான கட்டடம். பழைய முனையத்தில் குடியேற்ற வரிசை வாசல்வரை நீண்டு, குழந்தைகள் அழுதுகொண்டு நின்ற இரவுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த மாற்றத்தின் அருமை தெரியும். ஓடுபாதைதான் இன்னும் 8,136 அடியிலேயே நிற்கிறது. பெரிய விமானங்கள் முழுப் பாரத்தோடு ஏற அது போதாது. நீட்டுவதற்கு நிலம் எடுக்கும் வேலை பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டே போகிறது. ஆனால் துபாய்க்குப் போய்வரும் நடுத்தர விமானங்களுக்கு இப்போதிருக்கும் நீளமே போதும். ஆகவே வளைகுடா விமானங்கள் வராததற்கு ஓடுபாதையைக் காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

துவரங்குறிச்சி, மருங்காபுரி பக்கத்துக்காரர்கள் மதுரையைப் பற்றிக் கேட்கிறீர்கள். உங்களுக்கு மதுரை தூரம் இல்லை. சிட்டம்பட்டி டோலைக் கடந்து ரிங்ரோட்டில் திரும்பினால் ஊருக்குள் போகாமலே ஏர்போர்ட் போய்விடலாம். உள்நாட்டுப் பயணத்துக்கு மதுரையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. வெளிநாட்டு விமானங்கள் அங்கே குறைவு. ஒரு விமானம் ரத்தானால் அடுத்ததுக்கு நாள் கணக்கில் காத்திருக்க நேரும். கோயம்புத்தூரை ஷார்ஜா போகிறவர்கள் மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கொச்சியில் வளைகுடா இருக்கைகள் ஏராளம், விலையும் சில நாட்களில் ஆச்சரியமாகக் குறையும். ஆனால் மலையைத் தாண்டி முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிற பயணம், நண்பர்கள் இருவராவது சேர்ந்து போனால்தான் கட்டும். பெங்களூரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. நாம் தெற்கிலிருந்து போய் அந்த நகரத்தின் நெரிசல் முழுவதையும் கடந்தாக வேண்டும்.

திருச்சியில் ஏறிச் சென்னையிலோ மும்பையிலோ மாறிப் போவது இன்னொரு வழி. இதில் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று. முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டாக, ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. விலை குறைகிறதே என்று திருச்சி–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–துபாய் வேறு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால் அந்தப் பொறுப்பு யாருக்கும் கிடையாது. சென்னையில் பெட்டியை வாங்கிக்கொண்டு, உள்நாட்டு முனையத்திலிருந்து பன்னாட்டு முனையத்துக்கு நடந்துபோய், மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் வெறும் காகிதம். உள்நாட்டுக் கட்டணத்தில் இன்னொரு சுமையும் இருக்கிறது. உள்நாட்டு விமானங்கள் நிரப்பும் எரிபொருளுக்குத் தமிழ்நாடு பல ஆண்டுகளாக 29 சதவீதம் வாட் வரி வசூலித்து வந்திருக்கிறது. கேரளம் அதை 5 சதவீதத்துக்குக் குறைத்தது. திருச்சி–சென்னைப் பறத்தலின் விலையைப் பார்த்து மலைக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

மகள் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போகும் அம்மாக்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களில் பலருக்கு அதுதான் முதல் விமானப் பயணம். ஆங்கிலம் தெரியாது, மூட்டு வலி இருக்கும், பையில் மருந்தும் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்க லேகியமும் இருக்கும். அவர்களுக்கு இரண்டாயிரம் ரூபாய் குறைகிறது என்று சென்னையிலோ கொழும்பில் மாறிப் போகிற விமானத்திலோ டிக்கெட் எடுக்காதீர்கள். திருச்சியில் ஏற்றிவிட்டால் நாலு மணி நேரத்தில் சாங்கி ஏர்போர்ட்டில் மருமகன் கையில் ஒப்படைத்துவிடும் நேர் விமானம்தான் அவர்களுக்கு ஏற்றது. கவுண்டரில் இருப்பவரும் வரிசையில் நிற்பவரும் தமிழ் பேசுவார்கள். சக்கர நாற்காலி வேண்டுமானால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்கள். புறப்படும் அன்று கேட்டால் காத்திருக்க நேரும். லேகியத்தையும் ஊறுகாயையும் கைப்பையில் வைக்கக் கூடாது. பாதுகாப்புச் சோதனையில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். பெட்டிக்குள் வையுங்கள்.

திரும்பி வரும் பயணத்தையும் கணக்கில் சேருங்கள். நாம் போகும்போது மட்டும்தான் கணக்குப் போடுகிறோம். நள்ளிரவு இரண்டு மணிக்குச் சென்னையில் இறங்குகிற பிள்ளை, முதல் மின்சார ரயில் வரும்வரை பெட்டிக்குக் காவலாக உட்கார்ந்திருந்து, தாம்பரத்தில் கிடைத்த ரயிலில் இடம் பிடித்து, மத்தியானத்துக்கு மேல் வீடு வந்து சேர்கிறான். முப்பது நாள் விடுப்பில் போகும்போது ஒரு நாள், வரும்போது ஒரு நாள் இப்படிக் கழிகிறது. அதே நேரத்தில் திருச்சியில் இறங்கினால் விடிவதற்குள் வீட்டில் இருப்பான். இரண்டு வருடம் கழித்து வருகிற பிள்ளையோடு இருக்கும் அந்த இரண்டு நாளுக்கு நீங்கள் என்ன விலை போடுவீர்கள் என்பது உங்கள் விருப்பம். நான் அதிகமாகவே போடுவேன்.

திருச்சியிலும் குறை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். நம் ஊரிலிருந்து ஏர்போர்ட் போகப் பொதுப் போக்குவரத்து வசதியாக இல்லை. 2025 ஜூலையில் பஞ்சப்பூர் பேருந்து நிலையம் செயல்படத் தொடங்கிய பிறகு வெளியூர் பஸ்கள் இறக்கிவிடும் இடம் மாறியிருக்கிறது; ஏறும்போதே கன்டக்டரிடம் எங்கே இறங்கினால் ஏர்போர்ட்டுக்கு வண்டி கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டி.வி.எஸ். டோல்கேட் வழியாகப் போகும் புதுக்கோட்டை பஸ்கள் விமான நிலையத்தைத் தொட்டுத்தான் போகின்றன. ஆனால் புதுக்கோட்டைச் சாலையில் இறங்கிப் புதிய முனையம்வரை பெட்டியை இழுத்துக்கொண்டு நடப்பது லேசான காரியம் அல்ல. வெளிநாட்டு விமானங்களில் பல இரவிலும் விடியற்காலையிலும் இருக்கின்றன. அந்நேரத்தில் ஆட்டோக்காரர் சொன்னதுதான் கட்டணம். விமான நேரத்தை ஒட்டி, திருச்சி ஜங்ஷனையும் பஞ்சப்பூரையும் முனையத்தின் வாசலையும் இணைத்து இரவில் ஓடும் அரசுப் பேருந்து வேண்டும். ஆயிரம் கோடிக்கு மேல் செலவழித்துக் கட்டிய கட்டடத்துக்கு இரண்டு பேருந்து விடுவது பெரிய செலவு அல்ல. அதுவரை நான் சொல்வது, ஒரே இரவில் புறப்படும் இரண்டு குடும்பங்கள் பேசிக்கொண்டு ஒரே வண்டி எடுங்கள். ஒரே ஊரிலிருந்து ஒரே விமானத்துக்கு இரண்டு கார் தனித்தனியாகப் போனதும் ஏர்போர்ட்டில் சந்தித்துக்கொண்டதும் நடந்திருக்கிறது.

கடைசியாக ஒரு காரியத்தில் உங்கள் கை வேண்டும். வளைகுடா ஒப்பந்தங்களில் திருச்சியைச் சேர்க்கச் சொல்லி மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். திருச்சி வணிகர்களும் பயணிகளும் இதைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். அதோடு நம் குரலும் சேர வேண்டும். நம்மிடம் ஒரு சிக்கல் இருக்கிறது. விமான நிலையம் திருச்சி நாடாளுமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. மணப்பாறை சட்டமன்றத் தொகுதியோ கரூர் நாடாளுமன்றத் தொகுதியில் வருகிறது. திருச்சி எம்.பி.யிடம் கொடுத்தால் நாம் அவருடைய வாக்காளர் இல்லை. கரூர் எம்.பி.யிடம் மட்டும் கொடுத்தால் விமான நிலையம் அவர் தொகுதியில் இல்லை. அதனால் இரண்டு பேரிடமும் ஒரே மனுவை ஒரே நாளில் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

வெறும் கையெழுத்தாக இருந்தால் கோப்பில் போய்த் தூங்கிவிடும். ஆகவே வளைகுடா போய் வந்தவர்கள் தங்கள் பழைய டிக்கெட்டின் நகலைக் கொண்டு வாருங்கள். எந்தத் தேதி, எந்த ஊரில் ஏறியது, என்ன விலை, அந்த ஊருக்குப் போய்ச்சேர எவ்வளவு ஆனது என்று பின்பக்கத்தில் எழுதினால் போதும். பாஸ்போர்ட் எண்ணை அடித்துவிடுங்கள், அது தேவையில்லை. எழுதத் தெரியாத அம்மாக்கள் சொன்னால் நான் எழுதிக்கொள்கிறேன். புதன்கிழமை சந்தைக்கு வரும்போது கொண்டு வந்தாலும் சரி; மதியம் கடையை மூடுவதில்லை.

இப்படிக்கு,
மணப்பாறையில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் உங்களில் ஒருவன்